கோட்டுக்குள் இருந்த ஏரி

இடிமழை எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அப்படிப்பட்டவள் ஏறிய விமானத்தையே மழை திருப்பி அனுப்பிவிட்டது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் வரை போனோம். தீவுக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தோம். ஓடுபாதை தெரியவில்லை என்று மறுபடி சென்னைக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். விமானியைக் குறை சொல்ல மாட்டேன். ஜன்னல் வழியாக அந்த மேகத்தை நானும் பார்த்தேன், நானாக இருந்தாலும் திரும்பித்தான் இருப்பேன். ஆனாலும் எரிச்சல் எரிச்சல்தானே.

என்னிடம் ஒரு பை இருந்தது. பைக்குள் மரப்பெட்டி, பெட்டிக்குள் சசியின் சாம்பல். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் பையைக் காலடியில் வைக்க வேண்டும் என்று பணிப்பெண் கண்டிப்பாகச் சொன்னாள். காலடியிலா? மனசு கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து இருக்கையில் விருதுநகர்க்காரர் ஒருவர். தீவில் ரோடு கான்ட்ராக்ட் எடுப்பவராம். கண்ணாடிச் சாமானா என்று விசாரித்தார். இல்லை, தெரிந்த பையன் என்று சொல்லிவிட்டேன். வாயில் அப்படித்தான் வந்தது. சென்னையில் இறங்கும்போது மனிதர் எனக்கு வழிவிட்டு எழுந்து நின்றார்.

சசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் தூத்துக்குடிக்காரி. ஆஸ்திரியாவில் ஒரு சின்ன ஊரில் பல வருஷமாக இருக்கிறேன். ஐரோப்பா முழுவதற்கும் கோடைக்கால இடிமழை அபாயத்தைக் கணித்துச் சொல்லும் சிறு குழுவில் வேலை. சசி நிக்கோபாரில் கட்சால் தீவுப் பையன். பக்கத்து ஏரிக்கரையில் இருந்த விடுதி ஒன்றில் சமையல்கட்டு வேலைக்கு வந்தான். சுற்று வட்டாரத்தில் தமிழ் பேச நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சோற்றுக்கு வந்துவிடுவான். "அக்கா, உங்க சாம்பார்ல தூத்துக்குடியும் இல்ல, கட்சாலும் இல்ல, ஆஸ்திரியாதான் இருக்கு" என்பான். சொல்லிவிட்டு மூன்றாம் முறை ஊற்றிக்கொள்வான், கழுதை.

எங்கள் வேலை வெளியிலிருந்து பார்த்தால் பிள்ளைகள் படம் வரைவதுபோல் இருக்கும். தரைக்குப் பக்கத்தில் காற்று எவ்வளவு சூடாக, எவ்வளவு ஈரமாக இருக்கிறது, மேலே எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, உயரம் போகப் போகக் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்போம். மத்தியதரைக் கடலிலிருந்து ஈரம் வந்து மலையடிவாரத்தில் தேங்கும். அதன் மேல் சூடான காற்று ஒரு மூடிபோல உட்கார்ந்திருக்கும். குக்கர் கதைதான். மூடி எப்போது திறக்கும், எங்கே திறக்கும் என்பதுதான் கேள்வி. வரைபடத்தில் கோடு போட்டு, கோட்டுக்குள் நிலை ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுவோம். மூன்று அபூர்வம். ஜூன் கடைசியில் ஒரு நாள் மூன்று போட்டோம். சசியின் ஏரி அந்தக் கோட்டுக்குள் இருந்தது. கணிப்பு அச்சுப் பிசகாமல் பலித்தது. அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றிப் பெருமை பேசவில்லை.

மறுநாள் விமானம் ஒழுங்காக இறங்கியது. வெளியே சசியின் தங்கை கவிதா குடையோடு நின்றாள். போர்ட் பிளேரில் நர்சிங் படித்தவள், ஊருக்கு வெளியே சிப்பிகாட் என்ற இடத்தில் அத்தை வீட்டில் இருக்கிறாள். அண்ணனின் அதே அகலமான நெற்றி. பையை வாங்கக் கையை நீட்டினாள், பிறகு தயங்கினாள். "அம்மா அப்பா வந்தப்புறம் அவங்க கையில குடுங்க அக்கா. அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். அவர்கள் கட்சாலிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தார்கள். வந்துகொண்டிருந்தார்கள் என்றால், நடுவில் கார் நிக்கோபார் தீவில் கடல் கொந்தளித்ததால் கப்பல் அங்கேயே நின்றுவிட்டது.

கடைத்தெருவில் நூர் பாய் என்பவரின் விடுதியில் தங்கினேன். ராமநாதபுரத்துக் குடும்பம். கீழே சாப்பாட்டுக் கடை, மேலே நாலு அறை. பரோட்டாவும் சூரை மீன் குழம்பும் வந்தது. ஒரு வாய் வைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டது. இந்தக் குழம்பைத்தான் சசி ஞாயிறுதோறும் என் சமையலறையில் தேடியிருக்கிறான். காரம் அதிகமா என்று நூர் பாய் பதறித் தண்ணீர் கொண்டுவந்தார். ஆமாம் பாய், காரம்தான் என்றேன்.

சுற்றியிருந்த மேசைகளில் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் எல்லோருக்கும் பொதுவான இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முழுக்கக் கப்பல்தான். இங்கே பஸ் நேரத்தைப்போலக் கப்பலின் 'ப்ரோக்ராம்' எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஒருவர் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் வர முடியவில்லை. இன்னொருவரின் வெங்காயம் மூட்டை மூட்டையாக ஜெட்டியில், அதாவது கப்பல்துறையில், நனைகிறது. யாரும் வானத்தைத் திட்டவில்லை. கப்பல் வராது என்றால் வராது, அவ்வளவுதான்.

என் வேலையைக் கேட்டதும் நூர் பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். வரைபடம் போடுவோம், ஃபோனில் பார்ப்பார்கள் என்றேன். பார்த்துவிட்டு என்ன செய்வார்கள் என்று கேட்டார். பலர் பார்த்துவிட்டு ஏரிக்குக் குளிக்கப் போவார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இங்க ஜெட்டியில கூண்டு ஏத்திட்டா கப்பல் நின்னுடும்மா. கப்பல் நின்னுட்டா எல்லாருக்கும் மாலூம் ஆயிடும். தனித்தனியா யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல" என்றார். தூத்துக்குடியிலும் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது. ஆனால் பாய் சொன்னது உறைத்தது. எங்கள் மூன்றாம் நிலைக் கோடு எதையும் நிறுத்துவதில்லை.

அடுத்த நாளும் கப்பல் வரவில்லை. கவிதா வந்து, அக்கா, அறையிலேயே அடைந்து கிடக்காதீர்கள் என்று என்னை சிப்பிகாட்டுக்குக் கூட்டிப் போனாள். பஸ் பாதி வழியில் சேற்றில் சக்கரம் புதைந்து நின்றது. கண்டக்டர் இந்தியிலும் வங்காளத்திலும் கெஞ்சி எல்லோரையும் இறக்கித் தள்ளவைத்தார். நான் பையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். தள்ளாமல் நிற்கிறாளே என்று ஒரு கிழவி முறைத்தாள். ஆஸ்திரியாவில் பஸ் ஒரு நிமிஷம் தாமதமானால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வரும். இங்கே மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பஸ் நகர்ந்ததும் எல்லோரும் சேற்றுக் காலோடு ஏறி விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள்.

சிப்பிகாட்டில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்புத்தண்ணீர் தேங்கியிருந்தது. பட்டுப்போன தென்னையின் அடிமரங்கள் நடுவில் துருத்திக்கொண்டு நின்றன. சுனாமியில் நிலம் இறங்கிவிட்டது, அதற்கு முன்னால் இதெல்லாம் நெல்வயல் என்றாள் கவிதா. அத்தை வேலைக்குப் போயிருந்தார். கவிதா டீ போட்டாள். பிறகு கட்சால் கதையைச் சொன்னாள். சசி இதை என்னிடம் சொன்னதே இல்லை.

அவள் அப்பா பெருமாள் சிறுவனாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கட்சால் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். சுனாமி வந்த காலையில் சசி கைக்குழந்தை. தண்ணீர் பின்வாங்கியதைப் பார்த்ததும் பெருமாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மனைவியை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார். பாதியிலேயே அலை பிடித்துவிட்டது. பெரிய மரம் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். குழந்தையைத் தன் நெஞ்சுக்கும் மரத்துக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டார். தண்ணீர் வடியும்வரை பிடி விடவில்லை. தாழ்வில் நின்ற சொந்தக்காரர் ஒருவரும் மிஞ்சவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அது ஒரு சட்டம். நிலம் லேசாக ஆடினாலும், கடல் இரைந்தாலும், பலத்த காற்று அடித்தாலும், பெருமாள் எல்லோரையும் கிளப்பி மேட்டுக்கு நடக்க வைப்பார். மேலே போய் ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப் பிடிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்களாம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாலும் விடமாட்டாராம். "நானும் அண்ணனும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம் அக்கா. தண்ணி கலங்குனா மேட்டுக்கு ஓடு, மரத்தைப் புடி" என்றாள் கவிதா.

என் கையிலிருந்த டீ ஆறிப்போனது. ஏனென்றால் அன்று ஏரிக்கரையில் நடந்தது எனக்குத் தெரியும். சசியோடு சமையல்கட்டில் வேலை செய்த போலந்துக்காரப் பெண் என் வீட்டுக்கு வந்து அழுது அழுது சொன்னாள். மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே விழுந்து, வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினால் தெறிப்பதுபோல நாலாபக்கமும் பாய்ந்திருக்கிறது. ஏரி ஒரு நொடியில் கலங்கி, அலை கரையேறியது. எல்லோரும் கல்கட்டடத்துச் சமையலறைக்குள் ஓடினார்கள். சசி மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினான், மேட்டில் இருந்த காட்டுக்கு. போகும்போது அவள் கையைப் பிடித்து இழுத்து, "மேலே வா, மேலே வா, தண்ணீர் வருகிறது" என்று கத்தினானாம். அவள் கையை உதறிக்கொண்டாள். அந்தக் காட்டு மரங்களுக்கு வேர் ஆழமில்லை. வரிசையாகச் சாய்ந்தன. அவனைக் கண்டெடுத்தபோது விழுந்த மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான்.

ஏன் மரத்தைப் பிடித்தான் என்று அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. பயத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருந்தோம். இப்போது கவிதாவின் எதிரில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது.

கவிதா அத்தோடு நிறுத்தவில்லை. அப்பாவுக்கு அண்ணன்மேல் ஆத்திரம் தீரவே இல்லை என்றாள். ஏரிக்கரையில் செத்தான் என்று மட்டும்தான் அவருக்குச் செய்தி போயிருக்கிறது. தண்ணீருக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறான், அத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தும் கேட்கவில்லை என்று பார்க்கிறவரிடமெல்லாம் திட்டுகிறாராம். சாம்பலைக் கரைக்க வரமாட்டேன், சொன்ன பேச்சு கேட்காதவனுக்கு நான் எதுவும் செய்யமாட்டேன் என்று கப்பல் ஏறும்போதுகூடச் சொன்னாராம். பிறகு சாதாரணமாக, இந்த மாதக் கடைசியில் தனக்கு ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் வேலை, விசா வந்துவிட்டது என்றாள். போகாதே என்று அம்மா அழுகிறார். போ, ஆனால் அவன் மாதிரி இருக்காதே என்கிறார் அப்பா.

ஆகஸ்ட் முழுக்க ஜெர்மனியில் இடிமழைக் காலம். நான்தான் கோடு போடுவேன். இவள் கோட்டுக்குள் நிற்பாள், மரத்தைத் தேடி ஓடுவாள்.

அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இவளிடம் சொன்னால் இன்றைக்கில்லாவிட்டாலும் என்றைக்காவது அப்பாவின் காதுக்குப் போகும். பிள்ளை பேச்சைக் கேட்கவில்லை என்று திட்டிக்கொண்டிருக்கும் மனிதரிடம், கேட்டதனால்தான் போனான் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? ஆத்திரமாவது அவரை நிமிர்த்தி வைத்திருக்கிறது. சாம்பலைக் கரைத்து முடிக்கட்டும், இவள் ஜெர்மனி வந்து இறங்கியதும் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். கெட்டிக்காரத்தனமான முடிவு என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நூர் பாய் கதவைத் தட்டினார். கூண்டை இறக்கிவிட்டார்கள், கப்பல் வந்துவிட்டது, உங்கள் ஆட்கள் நேரே சிப்பிகாட்டுக்குப் போய்விட்டார்களாம் என்றார். தன் கடைப் பாத்திரத்தில் இட்லி கட்டிக் கொடுத்து, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போகக்கூடாதாம்.

பெருமாள் ஒல்லியான, நீளமான மனிதர். கடல் பயணத்தில் முகம் கறுத்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்து கும்பிட்டார். என் மகன் உங்கள் வீட்டில் சோறு தின்றான் என்று தெரியும் என்றார். சசியின் அம்மாவிடம் பெட்டியைக் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார் என்னிடம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவரும் அழுதார். பெருமாள் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் ஏறும் நேரத்துக்குக் கரைக்கப் போகலாம் என்று அத்தை சொன்னார். நான் வரவில்லை என்றார் பெருமாள். யாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் அவர் திரும்பி வந்து மகளைக் கூப்பிட்டார்.

"இங்க வா புள்ள. பெட்டி மேல கைய வெய்யி. அண்ணன் மேல சத்தியம் பண்ணு. அங்க போய் தூஃபான் காத்து வந்தா, தண்ணி கலங்குனா, இவனைப்போல மரமண்டையா நிக்க மாட்டேன், மேட்டுக்கு ஓடி மரத்தைப் புடிப்பேன்னு சொல்லு."

கவிதா மண்டியிட்டு, பெட்டிமேல் கையை வைத்தாள். எங்கள் பக்கம் செத்தவர்மேல் செய்த சத்தியத்தை யாரும் மீறுவதில்லை. இந்த வீட்டில் மீறவே மாட்டார்கள். நான் ஜெர்மனியில் தனியாக உட்கார்த்திவைத்து என்ன சொன்னாலும், ஏரி கலங்கும் அந்த ஒரு நொடியில் இந்தக் கைதான் அவளுக்கு ஞாபகம் வரும்.

"கவிதா, கையை எடு" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெருமாளிடம் சொன்னேன். "அப்பா, சசி நிக்கலை. ஓடினான். தண்ணி கலங்கினதும் மேட்டுக்குத்தான் ஓடினான். கூட வேலை பார்த்த பொண்ணையும் கையைப் பிடிச்சு இழுத்திருக்கான். அங்கே கடல் இல்லைப்பா. தண்ணி மேலே வராது, காத்துதான் கொல்லும். மரம்தான் விழும். கீழே கட்டடத்துக்குள்ளே நின்னவங்க எல்லாரும் பிழைச்சாங்க."

அவர் அசையவில்லை. அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"மரத்தைப் புடிச்சிருந்தானா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. ரெண்டு கையாலயும்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சத்தம் போட்டு அழவில்லை. மனைவியின் மடியிலிருந்து பெட்டியை வாங்கித் தன் நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டார். "கேட்டிருக்கான்" என்றார். "நான் சொன்னதைக் கேட்டிருக்கான்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பார்த்த எந்த அழுகையும் அதைப்போல என்னைப் பிசைந்ததில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத் தோன்றியது, யாருக்காக என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார், அங்கே எங்கேதான் நிற்க வேண்டும் என்று. சுவரும் கூரையும் உள்ள இடத்துக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார வேண்டும், மரத்தடியும் கூடாரமும் கூடவே கூடாது, தண்ணீரில் இருந்தால் உடனே கரையேற வேண்டும் என்றேன். என்னை மறுபடி சொல்லச் சொன்னார். கவனமாகக் கேட்டார். பிறகு மகளைச் சொல்லச் சொன்னார். அவள் விக்கி விக்கிச் சொன்னாள். ஓரிடத்தில் தவறியது, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

அவள் முழுதாகச் சொல்லி முடித்ததும், நெஞ்சோடு அணைத்திருந்த பெட்டியை அவள் முன்னால் நீட்டினார்.

"கைய வெய்யி. அப்பா சொன்னதைக் கேக்க மாட்டேன்னு அண்ணன் மேல சத்தியம் பண்ணு."

கவிதா கையை வைத்தாள். வாய் வரவில்லை.

"சொல்லு புள்ள" என்றார்.

சொன்னாள்.